உப்புக்காற்று வீடு: மழைக்குப் பின்னும் முன்னும் சுவரைப் பார்த்தல்

கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வீடு வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு: "நல்ல பெயின்ட்தான் வாங்கினோம், ரெண்டே வருஷத்துல உரிஞ்சு போச்சு." அப்படிப்பட்ட பெரும்பாலான வீடுகளில் குற்றம் பெயின்டில் இருக்காது. சுவருக்குள் ஈரம் நிற்கும்போது அடித்திருப்பார்கள். அல்லது ஈரம் வரும் வழியை அடைக்காமல் அதன்மேலேயே அடித்திருப்பார்கள். ஆகவே இந்த அத்தியாயத்தில் பெயின்ட் அடிப்பது கொஞ்சமாகவும் சுவரைப் பார்ப்பது நிறையவும் வரும்.

இங்கே சொல்லும் மாதக் கணக்கு சென்னையிலிருந்து புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் வழியாக வேதாரண்யம் வரையுள்ள கரைக்குப் பொருந்தும். இந்தக் கரைக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் பிடித்து டிசம்பர் வரை பெய்யும். தூத்துக்குடிப் பக்கம் மழை குறைவு. சுவரில் படிந்த உப்பைக் கழுவிவிட ஆள் இல்லை என்பதால் அங்கே கழுவுதல் பற்றிச் சொல்வதை இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் முதலே தென்மேற்கு மழையும் சேர்ந்துகொள்ளும். அங்கே பெயின்ட் வேலைக்குக் கிடைக்கும் காலம் இன்னும் சுருங்கும்.

பொங்கலுக்கு அடிக்கும் வழக்கம்

பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பது நம் வீடுகளில் தலைமுறை வழக்கம். சுண்ணாம்புச் சுவரில் சுண்ணாம்பு அடித்த காலத்தில் அதனால் கெடுதல் ஒன்றும் வரவில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பு ஈரத்தைப் பிடித்து வைக்காது. சுவர் தன் போக்கில் உலர்ந்துகொள்ளும். இன்றைய சிமென்ட் பூச்சும் அதன்மேல் இரண்டு கோட் எமல்ஷனும் அவ்வளவு தாராளமாக ஈரத்தை வெளியே விடாது. கார்த்திகை முழுதும் நனைந்த சுவர் மார்கழிப் பனியில் உலர்வதே இல்லை என்று சொல்லலாம். அந்தச் சுவரில் மார்கழிக் கடைசியில் பெயின்ட் அடித்தால் பொங்கலன்று பளிச்சென்று இருக்கும். சித்திரை வெயிலில் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வரப் பார்க்கும்போது கொப்புளம் கிளம்பும்.

பண்டிகைக்கு வீடு அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசையை நான் தடுக்கமாட்டேன். பொங்கலுக்கு ஒட்டடை அடியுங்கள், உள்ளறைகளுக்கு வேண்டுமானால் ஒரு கோட் கொடுங்கள், வாசல் கேட்டைத் துலக்குங்கள். வெளிச்சுவரை மட்டும் மாசி, பங்குனிக்குத் தள்ளி வையுங்கள். தீபாவளிக்கு வெளிச்சுவர் அடிப்பது இந்தக் கரையில் மழைக்குள் பெயின்டைக் கொட்டுவதுதான்.

தை மாதப் பார்வை

முதல் சோதனைக்கு மழை விட்டு இரண்டு மூன்று வாரம் ஆன ஒரு நாள் போதும். காலை ஏழு மணிக்கு ஒருமுறை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறை, அதே சுவர்களைச் சுற்றி வாருங்கள். காலையில் கறுத்து ஈரமாகத் தெரியும் திட்டு பிற்பகலில் வெளுத்து, விரலில் ஒட்டும் வெள்ளைப் பொடியோடு நின்றால் அங்கே உப்பு குடியிருக்கிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலோரத்தில் பல இரவுகள் இந்த அளவைத் தாண்டும். பகலில் காய்ந்து மறுபடி கல்லாகும். கடலுப்பில் சாதாரண உப்போடு மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கும் என்பதால் நம் ஊரில் அநேகமாக எந்த நேரமும் ஈரமாகவே இருக்கும். இரவில் கரைவதும் பகலில் படிகமாவதும் பூச்சின் நுண்துளைகளுக்குள் நடக்கின்றன. படிகம் வளரும்போது பூச்சைத் தள்ளுகிறது, பூச்சு பொரிந்து உதிர்கிறது. பெயின்ட் அதோடு சேர்ந்து வருகிறது, அவ்வளவுதான்.

வெள்ளையாகத் தெரிவது உப்பா, பூஞ்சையா என்ற சந்தேகம் வந்தால் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உப்பு மறைந்துவிடும், காய்ந்ததும் திரும்பி வரும். கறுப்புப் புள்ளி அழுக்கா பூஞ்சையா என்று தெரிய ஒரு துளி ப்ளீச் வைத்தால் போதும். பூஞ்சை ஓரிரு நிமிடத்தில் வெளுக்கும், அழுக்கு வெளுக்காது.

உள்ளங்கையைச் சுவரில் தேயுங்கள். மாவு போல நிறம் ஒட்டினால் பெயின்டின் பசை வெயிலில் செத்துவிட்டது என்று பொருள். தேய்த்துக் கழுவி, பிரைமர் கொடுக்காமல் அடுத்த கோட் பிடிக்காது. உரியத் தொடங்கிய இடத்துக்குப் பக்கத்தில் நல்லதாகத் தெரியும் பெயின்டின் மேல் பிளேடால் பெருக்கல் குறி போட்டு, செலோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பெயின்ட் வந்தால் அந்த இடமும் நல்லதில்லை, அதையும் சுரண்ட வேண்டியதுதான். எதுவரை சுரண்டுவது என்பதில் வீட்டுக்காரருக்கும் பெயின்டருக்கும் வரும் தகராறைத் தீர்க்க இதைவிட எளிய வழி கிடையாது.

சுவருக்குள் ஈரம் இருக்கிறதா என்று அறிய ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். நேர் வெயில் படாத இடமாக இருக்கட்டும். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ இன்னும் காய வேண்டும். பெயின்ட் வேலை தொடங்கும் நாள் இந்தத் தாள் சொல்லும் நாளாக இருக்கட்டும்.

எந்தச் சுவரை அதிகம் கவனிப்பது? வடகிழக்கு மழை சாய்ந்து அடிப்பது வடக்கு, கிழக்குச் சுவர்களில். பாசியும் அங்கேதான். ஆனால் சித்திரை, வைகாசியில் பிற்பகல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது. அந்த மாதங்களில் பெரிதாக மழை கிடையாது. கொண்டுவந்த உப்பு தெற்கு, கிழக்குச் சுவர்களில் அப்படியே படிந்து கிடக்கும். அதிலும் மழையே தொடாத இடங்கள்தான் மோசம்: சன்ஷேடுக்கு அடியில், பால்கனிக் கூரையில், மாடிப்படிக்குக் கீழே. திறந்த சுவரை மழை கழுவிவிடுகிறது. மறைவான இடம் வருஷக்கணக்கில் உப்பைச் சேர்த்து வைக்கிறது.

சன்ஷேடின் அடிப்பக்கம்

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்கச் சொல்கிறேன். கடலோர வீட்டில் உயிருக்கு ஆபத்து வரக்கூடிய இடம் இதுதான். கீழிருந்து அண்ணாந்து பாருங்கள். விளிம்புக்கு இணையாக நூல் பிடித்தாற்போல ஒரு கீறல் ஓடுகிறதா? கீறலின் ஓரத்தில் பழுப்புக் கறை வழிந்திருக்கிறதா? அப்படியானால் உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்பை உண்டாக்கி வைத்திருக்கும். உப்பிலுள்ள குளோரைடு உள்ளே ஊறி அந்தக் காப்பை உடைக்கிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அது உப்பும் வேகத்தில் கான்கிரீட்டைப் பிளக்கிறது.

ஒரு நீளக் கம்பின் நுனியால் தட்டிப் பாருங்கள், நேர் கீழே நிற்காமல் ஒதுங்கி நின்று. கெட்டியான இடம் கணீரென்று கேட்கும். உள்ளே பிரிந்த இடம் பொத்தென்று ஓட்டையாகக் கேட்கும். ஓட்டைச் சத்தம் வந்தால் அந்தச் சன்ஷேடுக்குக் கீழே குழந்தைகள் விளையாடாமல், ஸ்கூட்டர் நிறுத்தாமல் பார்த்துக்கொண்டு, கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள். "சார், கொஞ்சம் சிமென்ட் வச்சு பூசி ரெண்டு கோட் அடிச்சுட்டா தெரியாது" என்று பெயின்டர் சொல்வார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உதிர்ந்த கான்கிரீட்டை முழுதாகக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுற்றிலும் பளபளக்கும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் கூடுதல் கம்பி தேவையா என்று பொறியாளர்தான் சொல்ல வேண்டும். உப்பேறிய பழைய கான்கிரீட்டை விட்டுவைத்து நடுவில் மட்டும் புதிதாக ஒட்டினால் ஒட்டின் இரண்டு பக்கமும் கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும்.

நல்ல நிலையில் உள்ள சன்ஷேடில் விளிம்புக்குச் சற்று உள்ளே, அடிப்பக்கத்தில் ஒரு காடி இருக்கிறதா என்று பாருங்கள். மழைநீர் அந்தக் காடியில் அறுந்து சொட்டிவிடும். இல்லாவிட்டால் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வரும். ஜன்னலுக்கு மேல் தாடிபோல இறங்கும் கறை பல வீடுகளில் இதனால்தான்.

ஈரம் வரும் வழிகள்

மாடியிலிருந்து கீழே வாருங்கள். கைப்பிடிச் சுவரின் தலைப்பகுதி மாடியின் உள்பக்கம் சரிந்திருக்க வேண்டும். வெளிப்பக்கம் சரிந்தால் மழை முழுதும் முகப்பில் வழியும். தலையில் வெடிப்பு இருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கும். நாம் கீழே முகப்பில் பெயின்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். மழைநீர்க் குழாய் சுவரோடு சேரும் கிளாம்ப்கள், தண்ணீர்த் தொட்டி வழியும் இடம், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இறங்கும் தடம் ஆகியவற்றையும் பாருங்கள். ஏசிக் குழாயை நீட்டி ஒரு செடித்தொட்டிக்குள் விட்டாலே பல வீடுகளில் ஒரு சுவர் பிழைத்துவிடும்.

சுவரின் அடியில் மூன்று நான்கு அடி வரை ஓதம் ஏறியிருந்தால் வெளியே மண்மட்டத்தைப் பாருங்கள். தெரு உயர உயர நாமும் மண் கொட்டி முற்றத்தை உயர்த்திவிடுகிறோம். அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புக்காகப் போட்ட அடுக்கை மண் மூடிவிட்டால் ஈரம் அதைத் தாண்டிச் சுவருக்குள் ஏறும். மண்ணை வெட்டி இறக்குவதே முதல் வைத்தியம். ஓதத்தை மறைக்க டைல்ஸ் ஒட்டுவது இப்போது பரவியிருக்கிறது. டைல்ஸ் ஈரத்தை வெளியே விடாததால் அது இன்னும் மேலே ஏறி, டைல்ஸுக்கு மேல் விளிம்பில் வெடிக்கும். மூன்றடியில் இருந்த நோயை ஐந்தடிக்கு உயர்த்திக்கொள்வதற்குச் செலவழிக்காதீர்கள்.

கழுவுதல்

கடற்கரை வீட்டுக்குப் பெயின்டைவிட மலிவான காப்பு நல்ல தண்ணீர். மாசியில் ஒருமுறையும் வைகாசி, ஆனி வாக்கில் ஒருமுறையும் மழை படாத மறைவிடங்கள், ஜன்னல் கிரில், பால்கனிக் கூரை, கேட் இவற்றை ஹோஸ் போட்டுக் கழுவிவிடுங்கள். வேகப் பீய்ச்சி வேண்டாம். வெடிப்புகளுக்குள் தண்ணீரை ஏற்றிவிடும். உப்பு பூத்திருக்கும் திட்டை மட்டும் முதலில் தண்ணீர் விடாமல் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்வதைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். நேரே தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள் போய்விடும். ஆசிட் ஊற்றித் தேய்ப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். கடலோரத்தில் பல போர் கிணறுகளில் தண்ணீர் உவர்த்திருக்கும். அதைக் கொண்டு கழுவினால் உப்பை உப்பால் கழுவுகிறோம். சிமென்ட் பெயின்ட் கரைக்க, பூச்சுக்கு நனைக்க, ஒட்டு வேலைக் கலவை பிசைய, எதற்குமே அது ஆகாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு விடும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று இந்தியத் தரநிலையே வரம்பு வைத்திருக்கிறது. 2003-ல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபின் பல வீடுகளில் மொட்டை மாடித் தண்ணீருக்குத் தொட்டி இருக்கிறது. மாசிக் கழுவலுக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடைக்காது.

பாசிக்கும் பூஞ்சைக்கும் திரவ ப்ளீச் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவலாம். கையுறை, கண்ணாடி அவசியம். ப்ளீச்சோடு ஆசிட்டோ கழிப்பறை கழுவும் திரவமோ சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும். ப்ளீச் கிரில்லில் பட்டால் உடனே நல்ல தண்ணீர் விடுங்கள், இரும்பை அது தின்னும்.

இரும்பும் ஸ்டீலும்

கிரில்லில் துரு தொடங்குவது கண்ணுக்கு எதிரே தெரியும் கம்பியில் அல்ல. வெல்டிங் பொருத்துகளில், பட்டையின் கூர் விளிம்புகளில், கம்பி சுவருக்குள் பதியும் அடிமுனையில். கூர் விளிம்பில் பெயின்ட் இழுபட்டு மெல்லிசாகிவிடும் என்பதே காரணம். ஆகவே முழுக் கோட் அடிப்பதற்கு முன் விளிம்புகளுக்கும் வெல்டிங்குகளுக்கும் மட்டும் சின்ன பிரஷ்ஷில் ஒரு கோட் தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யும் பெயின்டர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் எடுத்தபின் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து உலர்த்த வேண்டும். துருவுக்கடியில் ஒட்டியிருக்கும் உப்பு கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் அடித்த பெயின்ட் சில மாதங்களிலேயே கொப்புளிக்கும். உலர்ந்ததும் அன்றைக்கே பிரைமர். சுரண்டிய இரும்பை ஒரு ராத்திரி கடற்காற்றில் விட்டால் காலையில் செம்மண் பூசியதுபோல நிற்கும். அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் இருப்பவர்கள் வெறும் ரெட் ஆக்சைடோடு நிறுத்தாமல் ஜிங்க் பாஸ்பேட் பிரைமருக்குப் போவது நல்லது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடிகளில் 304 ரகம் கடலோரத்தில் தேநீர் நிறத்தில் கறை பிடிக்கும். புதிதாகப் போடுபவர்கள் 316 கேட்டு வாங்குங்கள்.

பழைய எனாமலைச் சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற மத்திய அரசு விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவு, ஜன்னல், கிரில் பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர் தூளாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கம் வரவேண்டாம். பெயின்டருக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது நம் பொறுப்பு.

மாசி, பங்குனியில் வேலை

ஒன்பது மணிக்கு முன் ஆரம்பிக்க வேண்டாம், பனி ஈரம் போகட்டும். வெயிலைத் துரத்தாமல் நிழலைப் பின்தொடருங்கள்: காலையில் மேற்குச் சுவர், பிற்பகலில் கிழக்குச் சுவர். ஆனால் பிற்பகலில்தான் கடற்காற்று கிழக்குச் சுவரில் உப்பைப் பூசுகிறது. முதல் கோட்டுக்கும் இரண்டாவதற்கும் நடுவே ஒரு நாள் ஆகியிருந்தால், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். வெளிச்சுவருக்கு உள்சுவர் அக்ரிலிக் பட்டி உதவாது, மழையில் ஊறிக் கழன்றுவிடும். ஒயிட் சிமென்ட் பட்டிதான். புதுப்பூச்சு வைத்த இடம் குறைந்தது 28 நாள் ஆறட்டும், அதன் காரம் பெயின்டைத் தின்னும். எவ்வளவு தண்ணீர் கலப்பது என்பது டப்பாவில் அச்சாகியிருக்கிறது. பக்கெட்டில் கலக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

நாகப்பட்டினம், தரங்கம்பாடி, புதுச்சேரி போன்ற ஊர்களில் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அந்தச் சுவருக்கு எமல்ஷன் வேண்டாம், சிமென்ட் பூச்சும் வேண்டாம். பொரிந்த இடத்தைச் சுண்ணாம்புக் கலவையால் பூசி, வடிகட்டிய சுண்ணாம்புப் பாலை மெல்லிசாக மூன்று கை அடியுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை அடிக்க வேண்டியிருக்கும். அந்த வருஷாந்திர வேலையைச் சுமையாக நினைத்து "பத்து வருஷம் தாங்கும்" பெயின்டுக்கு மாறிய வீடுகளில் செங்கல்லே மாவாகக் கொட்டுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. நல்ல சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால் அவரிடம் கேளுங்கள்.

புரட்டாசிப் பார்வை

இரண்டாவது சோதனை மழைக்கு முன். இது பெயின்ட் அடிக்கும் காலமில்லை, அடைக்கும் காலம். விசிட்டிங் கார்டின் விளிம்பு நுழையும் அளவு வெடிப்பு இருந்தால் கீறி, தூசி எடுத்து, வெளிச்சுவர் வெடிப்புக்கான நெகிழ்வான நிரப்பியால் அடைத்துவிடுங்கள். ஜன்னல் சட்டமும் சுவரும் சேரும் இடம், குழாய் சுவரைத் துளைக்கும் இடம், மாடித் தரையும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை, இந்த மூன்றும் போதும். புயல் காற்று மழையைக் கிடையாக அடிக்கும், சில சமயம் கீழிருந்து மேலாகவும் ஏற்றும்; சாதாரண மழையில் ஒழுகாத வெடிப்பு அன்றைக்கு ஒழுகும்.

புயல் கரையைக் கடந்தபின், 2018 நவம்பரில் நாகை, வேதாரண்யம் பக்கம் கஜா வந்ததைப் போல, உயிருக்கும் உணவுக்கும் ஏற்பாடு ஆனபின் செய்ய வேண்டிய வீட்டு வேலை ஒன்று உண்டு. அலைத்திவலை வழக்கத்தைவிட வெகுதூரம் உள்ளே வந்திருக்கும். அடுத்து மழை பெய்யாவிட்டால் கிரில், கேட், ஏசியின் வெளிப்பெட்டி, மறைவுச் சுவர்கள் எல்லாவற்றையும் மின்சாரத்தை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வீட்டுக்குள் வெள்ளம் நின்றிருந்தால் அந்தச் சுவர்களுக்கு அந்த வருஷம் பெயின்ட் பேச்சையே எடுக்க வேண்டாம். பட்டியைச் சுரண்டிவிட்டு அடுத்த கோடை முழுதும் காயவிடுங்கள்.

இரண்டு பார்வைகளின்போதும் அதே இடங்களிலிருந்து போனில் படம் எடுத்து வையுங்கள். கீறல் இருந்தால் அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஆறு மாதத்தில் கோட்டைத் தாண்டியிருந்தால் அது பெயின்ட் விஷயமில்லை, பொறியாளருக்குக் காட்ட வேண்டியது. மிஞ்சிய பெயின்டைப் பெரிய டப்பாவில் காயவிடாமல் சின்ன டப்பாவுக்கு விளிம்பு வரை மாற்றி, நிற எண்ணையும் அடித்த தேதியையும் சுவரின் பெயரையும் மூடியில் எழுதி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.